சொப்பின் பைக்குள் ஒரு மருத்துவ வரலாறு

அம்மாவின் கிளினிக் கொப்பி ஒரு சொப்பின் பைக்குள் இருக்கும். அந்தப் பை இன்னொரு பைக்குள் இருக்கும். மேலே ஒரு றப்பர் பாண்ட். மாரி காலத்தில் துணுக்காய், மல்லாவிப் பக்கம் இருந்து பஸ் ஏறிக் கிளினிக்குக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கட்டிக்கொண்டு போவார்கள். கொப்பிக்குள் இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், மடித்த இடத்தில் கிழியத் தொடங்கிய ஈசிஜி தாள், பதினைந்து வருடத்து மருந்துப் பெயர்கள், பத்துப் பன்னிரண்டு வைத்தியர்களின் கையெழுத்துகள். கொப்பி நனைந்தால் அம்மாவின் நோய் வரலாறும் நனைந்துவிடும். வேறு பிரதி கிடையாது.

அந்தக் கொப்பி 2010இல் தொடங்குகிறது. அதற்கு முந்தியது விசுவமடுவுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் எங்கோ போய்விட்டது. எந்த ஊசி அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சிவப்பு மையில் எழுதியிருந்த பக்கம் அதில்தான் இருந்தது. புதிதாக வருகிற வைத்தியர் ஒவ்வொருவரும் பிரஷர் எப்போது தொடங்கியது என்று கேட்பார். அம்மாவிடம் ஒரே பதில்தான்: "கிளிநொச்சியால இடம்பெயர முந்தி, ஐயா." வைத்தியர் யாழ்ப்பாணத்தில் இருந்தோ மட்டக்களப்பில் இருந்தோ மாற்றலாகி வந்த இளைஞராக இருப்பார். பேனை ஒரு கணம் நிற்கும். வெளியே இன்னும் எண்பது பேர் இருக்கிறார்கள். அவர் எதையோ எழுதிவிட்டு மருந்துக்கு நகர்வார். அவரில் பிழை சொல்ல எதுவும் இல்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் என்றால் நடுப்பக்கத்தில் எழுத வேண்டியதில்லை. இறுதிப் போரின்போது, 2008 கடைசியில் இருந்து 2009 மே வரை, வன்னியின் வைத்தியசாலைகளே இடம்பெயர்ந்தன. கிளிநொச்சியில் இருந்து தருமபுரம், உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று கட்டிலும் சேலைன் போத்தலும் தூக்கிக்கொண்டு போன வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் கோப்புகளைத் தூக்க ஏது கை? எக்ஸ்றே படங்கள், சத்திரசிகிச்சைக் குறிப்புகள், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகள் எல்லாம் அந்த வழியில் போயின. இன்றும் உடம்புக்குள் செல் துண்டோடு நடமாடுகிறவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். எந்த இடத்தில் எத்தனை துண்டு, எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று எழுதிய தாள் அவர்களிடம் இல்லை. எம்ஆர்ஐ இயந்திரம் ஒரு பெரிய காந்தம். உடம்புக்குள் இரும்பு இருக்கிறவரை அதற்குள் அனுப்புவது ஆபத்து. "உடம்பில் உலோகம் ஏதும் உண்டா" என்ற படிவக் கேள்விக்குக் கொழும்பில் ஒருவர் யோசிக்காமல் இல்லை என்பார். இங்கே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பதிவேடு வேண்டும்.

மருத்துவத்தில் டிஜிட்டல் தொழில்நுட்பம் என்றதும் றோபோ செய்யும் சத்திரசிகிச்சையும் செயற்கை நுண்ணறிவும்தான் பேச்சாகின்றன. அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை, அவற்றுக்கும் வருவேன். ஆனால் வன்னிப் பெருநிலத்துக்கு முதலில் வேண்டியது ஞாபகம். ஒரு நோயாளி மல்லாவியில் இருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கும், திரும்ப ஊருக்கும் போய்வரும்போது அவருடைய வரலாறும் கூடவே போய்வர வேண்டும். அந்த ஞாபகத்தைக் கட்டித் தர யாரால் முடியும் என்பதற்கு இந்த நாட்டிலேயே ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் அது போதிய அளவு பேசப்படவில்லை.

2020 ஜனவரி கடைசி வாரம். சீனாவின் வூஹானில் இருந்து புதிய வைரஸ் பற்றிய செய்தி வந்துகொண்டிருந்தது. சீனாவில் இருந்து சுற்றுலா வந்த ஒரு பெண்ணுக்கு ஜனவரி 27 அன்று தொற்று உறுதியானது. அவர்தான் இலங்கையில் முதல் நோயாளி. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குகிறவர்களை எப்படிப் பதிவது, அவர்கள் வீடு போன பிறகு அந்தந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு எப்படி அறிவிப்பது, பதினான்கு நாள் எப்படிக் கண்காணிப்பது? சுகாதார அமைச்சின் இந்தக் கேள்விகளுக்கு இரண்டே நாளில் ஒரு கணினி முறைமையைக் கட்டிக் கொடுத்தது ஒரு சிறு குழு. அதன் முன்னணியில் நின்ற பமோத் அமரகோன் மென்பொருள் கம்பனி ஒன்றின் ஆள் அல்லர். எம்பிபிஎஸ் படித்து, பிறகு மருத்துவத் தகவலியல் படித்த வைத்தியர்.

இரண்டு நாளில் எப்படி முடிந்தது என்பதில்தான் எங்களுக்குரிய பாடம் இருக்கிறது. அவர்கள் வெறுந்தரையில் தொடங்கவில்லை. ஒஸ்லோ பல்கலைக்கழகம் பேணி வரும் டிஎச்ஐஎஸ்-2 என்ற இலவச, திறந்த மூல மென்பொருள் கையில் இருந்தது. இனவெறி ஆட்சி முடிந்த தென்னாபிரிக்காவில் 1990களில் தொடங்கிய ஒரு முயற்சியின் வழிவந்தது அது. அதன் இப்போதைய வடிவம் 2006இல் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தது எங்களுக்கு அக்கரையில், கேரளத்தில். இலங்கையின் குடும்ப சுகாதாரப் பணியகமும் தாய் சேய் நலத் தரவுகளை அதே மென்பொருளில்தான் திரட்டுகிறது. ஆகவே விமான நிலையத்தில் இருந்து கிராமத்துச் சுகாதார அலுவலகம் வரை தகவல் எந்த வழியால் போகிறது, எங்கே தடைப்படுகிறது, யார் எழுதுவார், யாருக்கு எழுத நேரம் இருக்காது என்பதெல்லாம் அந்த வைத்தியர்களுக்குத் தெரியும். தாங்களே அந்தப் படிவங்களை நிரப்பியவர்கள். வெளியில் இருந்து வரும் ஒரு நிறுவனத்துக்கு இதை விளங்கப்படுத்தவே இரண்டு மாதம் போயிருக்கும்.

இந்த வைத்தியர்கள் திடீரென்று முளைத்தவர்களும் அல்லர். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டப்பின்படிப்பு நிறுவகம் 2009ஐ ஒட்டி, ஒஸ்லோவின் துணையோடு, உயிர்மருத்துவத் தகவலியல் முதுமாணிப் படிப்பைத் தொடங்கியது. பேராசிரியர் வஜிர திசாநாயக்க அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர். ஒஸ்லோ என்றதும் வன்னியில் இருக்கிற எங்களுக்கு 2002இன் சமாதானப் பேச்சுவார்த்தை மேசைதான் ஞாபகம் வரும். அந்த மேசை உடைந்து, போரும் முடிந்த காலத்தில் அதே நகரத்தோடு கொழும்பு வைத்தியர்கள் வேறொரு நூலை நூற்றுக்கொண்டிருந்தார்கள். வைத்தியர்களைக் கணினி நிரலும் தரவு அமைப்பும் படிக்க வைத்து, அரச வைத்தியசாலைகளுக்கும் அமைச்சுக்கும் திருப்பி அனுப்பினார்கள். பத்து ஆண்டு பலனில்லாததுபோலத் தெரிந்த அந்த முதலீடு 2020 ஜனவரியில் இரண்டே நாளில் பலன் தந்தது.

அதன் பிறகு நடந்ததும் சொல்லப்பட வேண்டியது. இலங்கை வைத்தியர்கள் கட்டியதை ஒஸ்லோ மற்றைய நாடுகளுக்கும் பொருந்தும் வடிவமாக்கி வெளியிட்டது. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் நாடு நாடாக எடுத்துக்கொண்டார்கள். நோர்வேயின் நகரசபைகளும் தங்கள் தொற்றுத் தொடர்புகளைத் தேட அதே அடித்தளத்தில் அமைந்த கருவியைப் பயன்படுத்தின. கொடுத்தவர்களிடமே திரும்பிப் போய்ச் சேர்ந்தது. 2021 ஜனவரி 29இல் இலங்கையில் தடுப்பூசி தொடங்கியபோது அதன் பதிவும் இதே வழியில் வந்தது. கனடாவுக்கும் கட்டாருக்கும் போக எங்கள் பிள்ளைகள் கைபேசியில் காட்டிய கியூஆர் சான்றிதழுக்குப் பின்னால் இந்தப் பதிவும், இந்தியாவில் உருவான திவொக் என்ற இன்னொரு திறந்த மென்பொருளும் இருந்தன.

வன்னியில் பதிவேடு என்ன செய்யும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று தேவையில்லை. மலேரியா போதும். வன்னியில் பிறந்து நாற்பது வயது கடந்த எவருக்கும் குலைப்பன் காய்ச்சல் தெரியும். மதியம் குளிரத் தொடங்கும். சாக்கும் போர்வையும் போட்டு மூடினாலும் பல்லுக் கிட்டும். 1999இல் மட்டும் இலங்கையில் 2 லட்சத்து 64 ஆயிரத்துக்கு மேற்பட்ட மலேரியா நோயாளிகள். 2012 ஒக்டோபரோடு உள்நாட்டுத் தொற்றுப் பரவல் நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று கொடுத்தது. மருந்து தெளித்தலும் நுளம்பு வலையும் இதில் பெரும் பங்கு வகித்தன. ஆனால் கடைசிக் கட்டத்தில் வெற்றியைத் தந்தது, காய்ச்சலோடு வந்த ஒவ்வொருவரின் இரத்தத்தையும் கண்ணாடித் தகட்டில் எடுத்து, கிருமி இருந்தால் அவர் எந்த ஊர், எந்த வீடு, அண்மையில் எங்கே போய்வந்தார் என்று ஒருவர் விடாமல் எழுதித் தேடியதுதான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் வரலாற்றில் இருக்கிறது. 1963இல் இலங்கை முழுவதும் வெறும் 17 மலேரியா நோயாளிகள்தான். வென்றாயிற்று என்று கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். 1960களின் கடைசியில் அது லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. எழுதுவதை நிறுத்திய இடத்தில் நோய் திரும்பி நுழைந்தது.

இப்போது வன்னியில் வேறு நோய்கள். சீனி, பிரஷர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காரணம் தெளிவாகத் தெரியாத சிறுநீரக நோய். வயலுக்குள்ளும் பாயிலும் பாம்புக்கடி. 2016இல் வெளியான நாடளாவிய வீட்டுக்கு வீடு ஆய்வு ஒன்று, இலங்கையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிப்பதாகவும் 400க்கு மேற்பட்டோர் இறப்பதாகவும் கணித்தது. வைத்தியசாலைக் கணக்கில் வருவது இதைவிடக் குறைவு, ஏனென்றால் பலர் நாட்டு வைத்தியரோடு நின்றுவிடுகிறார்கள். எந்தக் கிராமத்தில், எந்த மாதத்தில், எந்தப் பாம்பு என்று வரைபடத்தில் தெரிந்தால், புடையன் கடிக்கு மருந்து எந்தச் சிறு வைத்தியசாலையில் இருக்க வேண்டும் என்று மழைக்கு முதலே தீர்மானிக்கலாம். கடித்த பிறகு ஐம்பது கிலோமீற்றர் ஓட வேண்டியதில்லை.

தூரம்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2012 தொகைமதிப்பின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறத்தாழ 92 ஆயிரம் பேர். மொத்தப் பரப்போ ஏறத்தாழ 2,600 சதுர கிலோமீற்றர். சதுர கிலோமீற்றருக்கு நாற்பது பேர்கூட இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் அதே அளவு நிலத்தில் ஐந்நூறுக்கு மேல். இத்தனை பரந்த நிலத்தில் ஒவ்வொரு சந்திக்கும் ஒரு விசேட வைத்திய நிபுணரை வைக்க எந்த அரசாலும் முடியாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நிபுணர்கள் வெளிநாடு போனதால் அது இன்னும் கடினம். 2018 ஜூலையில் 1990 நோயாளர் காவு வண்டிச் சேவை இந்திய உதவியோடு வடக்குக்கும் வந்தது பெரிய ஆறுதல். அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று வரைபடத்தில் பார்த்து, கிட்ட நிற்கிற வண்டியை அனுப்புகிறார்கள். இரவில் பிரசவ வலி வந்தால் உழவு மெசின் தேடிய காலம் எங்களுக்குத் தெரியும் என்பதால் அந்த இலக்கத்தின் அருமையும் தெரியும். ஆனால் வண்டி நோயாளியைத்தான் கொண்டுபோகும். அவருடைய வரலாறு கொப்பியோடு வீட்டு அலுமாரியில் கிடக்கும்.

தூரத்தை வென்ற வைத்தியர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். மதுரையில் 1976இல் பதினொரு கட்டில்களோடு அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கிய கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போன நிலையில் கண் சத்திரசிகிச்சை பழகியவர். தன் விரலுக்கு ஏற்பக் கருவியை மாற்றினாரே தவிர, கருவிக்கு ஏற்ற விரல் இல்லையே என்று ஒதுங்கவில்லை. அவருடைய நிறுவனம் 2000களின் நடுவில் தேனி மாவட்டத்தில் சிறு கண் நிலையங்களைத் திறந்தபோது அதே மனப்பாங்குதான் வேலை செய்தது. கிராமத்துக்கு இணைய இணைப்பு இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்து எரிக் புரூவரின் குழு, வீட்டில் பாவிக்கும் மலிவான வைஃபை கருவிகளைக் கோபுரத்தில் ஏற்றி, பல கிலோமீற்றர் தூரத்துக்கு அலை போகும்படி மென்பொருளை மாற்றிக் கொடுத்தது. கிராம நிலையத்தில் இருந்தபடியே தேனியில் இருக்கிற கண் வைத்தியரோடு முகம் பார்த்துப் பேசலாம்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கோபுரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த நிலையத்தில் நோயாளியை முதலில் பார்க்கிறவர், பள்ளிப் படிப்பு முடித்து அரவிந்தில் இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற ஒரு கிராமத்துப் பெண். கண்ணை அளப்பதும் படம் எடுப்பதும் வைத்தியருக்கு விபரம் சொல்வதும் அவர். கண்ணாடி வேண்டுமென்றால் அங்கேயே கிடைக்கும். நோயாளி ஒரு பதிலோடு வீடு போகிறார். வைஃபை இல்லாமல் கேபிளோ கைபேசி அலையோ இருந்தாலும் அந்த முறை ஓடும். அந்தப் பெண் இல்லாவிட்டால் ஓடாது. எங்களுக்குக் கோபுரங்கள் ஏற்கனவே வந்துவிட்டன. முழங்காவிலில் இருந்து ரொறன்ரோவுக்கு வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிறோம். அந்தப் பெண்ணுக்கு நிகரானவரும் எங்களிடம் இருக்கிறார்: வீடு வீடாகச் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் போகும் குடும்பநல உத்தியோகத்தர், எங்கள் மருத்துவமாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 2010இல் சென்னை ஸ்கார்ஃப் நிறுவனம் தொடங்கிய பஸ்ஸையும் நான் அடிக்கடி நினைக்கிறேன். மனநல வைத்தியர் ஆர். தாராவின் தலைமையில் நடந்த வேலை அது. பஸ்ஸுக்குள் ஓர் அறை, ஒரு திரை. திரையில் சென்னையில் இருக்கிற மனநல வைத்தியர். பஸ்ஸின் மறுபக்கத்தில் ஒரு மருந்தகம். திரையில் பேசி முடித்ததும் மருந்து அங்கேயே கைக்கு வரும். கிராமத்தில் மனநோயாளி ஒருவருக்கு வைத்தியர் மருந்து எழுதி, அந்த மருந்தை வாங்க முப்பது கிலோமீற்றர் போ என்றால், அந்த ஆலோசனையால் பயன் இல்லை என்று தாராவின் குழுவுக்குத் தெரிந்திருந்தது. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு இரவில் நித்திரை இல்லாமல் இருக்கிறவர்கள் முல்லைத்தீவுக் கரையில் எத்தனை பேர் என்று நான் எண்ணிக்கை சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த பஸ் ஏ-34 வீதியில் மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு வரை வாரத்துக்கு ஒருமுறை ஓடுவதை என்னால் கற்பனை செய்ய முடிகிறது. ஒட்டுசுட்டானில் நிற்கும், முள்ளியவளையில் நிற்கும்.

இனிச் செயற்கை நுண்ணறிவு. சீனி வியாதிக்காரரின் விழித்திரையைப் படம் எடுத்து, பார்வை போகுமுன் எச்சரிக்கும் மென்பொருளை கூகுள் உருவாக்கியது. அதன் முதல் பெரிய ஆய்வு 2016இல் வெளிவந்தது. அந்தக் குழுவை வழிநடத்திய லிலி பெங் ஒரு வைத்தியர். கணினியைப் பழக்கிய படங்களில் ஒரு பகுதி அரவிந்தில் இருந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவில் இருந்தும் போனது. அதாவது எங்கள் மொழி பேசுகிறவர்களின் கண்களும் அந்த மென்பொருளைப் பழக்கின. ஆய்வுகூடத்தில் அது நிபுணர்களுக்கு நிகராக நின்றது. பிறகு தாய்லாந்தில் பதினொரு கிளினிக்குகளுக்குக் கொண்டுபோனார்கள். முதல் ஆறு மாதத்தில் எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றைத் தரமில்லை என்று மென்பொருள் தள்ளிவிட்டது. அறையை இருட்டாக்க வசதியில்லை, இணையம் மந்தம். தாதியர் தங்கள் கண்ணால் பார்த்துப் பிழையில்லை என்று அறிந்த படத்துக்கும் இயந்திரம் ஒத்துக்கொள்ளாததால், நோயாளியை வேறொரு நாள் வேறொரு வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கூகுள் குழுவே இதை 2020இல் வெளிப்படையாக எழுதியது. அந்த நேர்மைக்காகவே அவர்களை நான் மதிக்கிறேன்.

தாய்லாந்துக் கிளினிக்கின் அறை எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு ஊகிக்க முடிகிறது. யன்னல் சீலை இல்லாத அறை, வாசலில் கூட்டம், ஓடாத காற்றாடி, மின்சாரம் போய்ப் போய் வரும். வன்னியில் அந்த அறை நிறைய இருக்கிறது. ஆகவே எந்த அறிவுள்ள இயந்திரமும் முதலில் அந்த அறைக்கு வந்து ஒரு கிழமை இருக்க வேண்டும். அதைக் கொண்டுவருகிறவர் அந்த அறையில் நோயாளி பார்த்தவராக இருக்க வேண்டும். இத்தகைய கருவிகளைத் தாமே ஆக்கத் தெரிந்த வைத்தியர் ஒருவர் மாவட்டத்துக்குத் தேவை என்று நான் சொல்வது இதனால்தான்.

மொழியும் அந்த அறைக்குள் இருக்கிற ஒரு விடயம். நோயாளி பேசுவதைக் கேட்டுத் தானாகவே குறிப்பெழுதும் மென்பொருள்கள் வந்துகொண்டிருக்கின்றன. தமிழும் தெரியும் என்கிறார்கள். எந்தத் தமிழ்? "நாரி நோகுது" என்று எங்கள் ஆச்சி சொன்னால், சென்னைப் பேச்சில் பழகிய இயந்திரம் இடுப்புக்கு மேலே எங்கோ தேடும், அல்லது பெண் என்று பொருள் எடுக்கும். "சலம் போகேக்கை எரியுது", "சாப்பிட ஏலாது", "நெஞ்சுக்குள்ளை அடைக்குது" என்பவை எல்லாம் நோயின் குறிகள். இவற்றைத் தவறாக எடுத்தால் மருந்தும் தவறும். வன்னித் தமிழை அந்த இயந்திரங்களுக்குப் பழக்க வேறு யாரும் வரப் போவதில்லை. அதை நாங்களே, எங்கள் வைத்தியர்களோடும் தாதியரோடும் இருந்து செய்ய வேண்டும். அதற்கு முதல் ஒரு சிறிய காரியம்: மருந்து உறையில் காலை, மதியம், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்று தமிழில் அச்சாகட்டும். கணினி வந்த வைத்தியசாலையில் அது ஒரு பொத்தானின் வேலை.

இதுவரை எழுதியதை வாசிக்கிற வன்னிக்காரர் ஒருவர் மனதுக்குள் ஒரு கேள்வியோடு இருப்பார் என்று எனக்குத் தெரியும். பதிவு என்ற சொல் எங்களுக்கு எளிய சொல் அல்ல. முகாமில் பதிந்தோம். மீள்குடியேறும்போது பதிந்தோம். அதன் பின்பும் வீட்டுக்கு வந்து குடும்பப் படம் எடுத்துப் பதிந்தார்கள். யார் பதிந்தார்கள், எதற்கு, அந்தக் கடதாசி எங்கே போனது என்று ஒருவரும் சொன்னதில்லை. இந்த நிலையில் மருத்துவமாது கையில் ஒரு டப்லெட்டோடு வந்து விபரம் கேட்டால், "இது ஆருக்குப் போகுது, பிள்ளை?" என்று ஒரு தாய் கேட்பதை அறியாமை என்று யாரும் சொல்லக் கூடாது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மையக் கேள்வியே அதுதான்.

ஒரு முன்னாள் போராளியை நினைத்துப் பாருங்கள். காயத்தின் இடமும் திகதியும் அவருடைய கடந்த காலத்தைச் சொல்லிவிடும். கால் இழந்த ஆண்டே ஒரு வாக்குமூலம். இந்த விபரம் வைத்தியருக்குத் தேவை. வேறு எவருக்கும் தேவையில்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. உடல்நலத் தரவை அது விசேட பாதுகாப்புக்குரியதாக வைக்கிறது. ஆனால் முழுமையாக நடைமுறைக்கு வருவது பிந்திக்கொண்டே போனது. இதற்கிடையில் டிஜிட்டல் அடையாள அட்டைக்கான வேலைகள் நடக்கின்றன. சுகாதாரப் பதிவும் அடையாள அட்டையும் ஒன்றோடொன்று இணையப்போகும் நாளுக்கு முன்னரே, யாருடைய கோப்பை யார் எப்போது திறந்தார் என்று நோயாளி கேட்டால் காட்டக்கூடிய முறை இருக்க வேண்டும். பாதுகாப்புத் தரப்புக்கு நீதிமன்றக் கட்டளை இல்லாமல் அந்தக் கதவு திறக்கக் கூடாது. மனநோய், பாலியல் வன்முறை, எச்ஐவி போன்ற விபரங்களுக்கு இன்னொரு பூட்டு வேண்டும். இவற்றை வடக்கின் மக்கள் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் கேட்கிறார்களா என்று நான் கவனித்து வருகிறேன். வீதிக்கும் கட்டடத்துக்கும் கேட்கிற அளவுக்கு இதற்கும் கேட்க வேண்டும்.

கட்டடங்கள் வந்திருக்கின்றன. நெதர்லாந்து உதவியோடு கிளிநொச்சியில் பெண்களுக்கான மகப்பேற்று, பெண்நோயியல் விசேட நிலையமும் மாங்குளத்தில் புனர்வாழ்வு வைத்தியசாலையும் எழுந்து 2024இல் திறக்கப்பட்டன. அவற்றைப் பார்க்கும்போது எனக்கு நிறைவு உண்டு. அந்தக் கட்டடங்களுக்குள் வருகிறவரின் பதிவு எப்படி இருக்கும் என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு என் எதிர்பார்ப்பு பெரியது அல்ல. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மருத்துவத் தகவலியல் படித்த வைத்தியர் ஒருவருக்கு நிரந்தரப் பதவி இருக்க வேண்டும். ஈராண்டில் மாற்றலாகிப் போகிற பதவியாக அது இருக்கக் கூடாது. கணினியைத் திருத்த ஆள் கொழும்பில் இருந்து வரும்வரை தாளுக்குத் திரும்புகிற நிலை இருக்கக் கூடாது. வாங்குகிற மென்பொருள் திறந்த மூலமாக இருந்தால், ஒப்பந்தம் முடிந்ததும் எங்கள் நோயாளிகளின் வரலாறு இன்னொருவரின் பூட்டுக்குள் போகாது. நோயாளியின் கையில் அச்சிட்ட ஒரு சுருக்கம் எப்போதும் இருக்க வேண்டும். மின்சாரம் போகும் நாட்டில், திரும்பவும் ஓட வேண்டி வருமோ என்ற பயம் இன்னும் விடாத ஊரில், கொப்பியை முற்றாகக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வராது.

செய்வதற்கு ஆட்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இயங்குகிறது. கணினிப் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கணினி படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் இறுதியாண்டுச் செயற்றிட்டங்களை நான் பார்த்திருக்கிறேன், திறமைக்குக் குறைவில்லை. அறிவியல் நகரில் இருந்து ஏ-9 வீதியால் பஸ்ஸில் சிறிது தூரம் வந்தால் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலை. அந்த இரண்டு வாசல்களுக்கும் இடையில் ஒரு வைத்தியர் நின்று இரு பக்கத்துக்கும் மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதும். 2020இல் கொழும்பில் நடந்தது அதுதான்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். கணினியை ஓர் ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஒரு கிளினிக் நாள் வாருங்கள். காலை ஐந்தரைக்கே ஆட்கள் வரத் தொடங்குவார்கள்; முதல் பஸ்ஸில் வந்தவர்கள், அதற்கு முதலே மோட்டார் சைக்கிளில் மகனோ மருமகனோ ஏற்றிக்கொண்டு வந்து விட்டவர்கள். இலக்கத் துண்டு கொடுக்கும்வரை வாங்கில் இருப்பார்கள். பக்கத்தில் போய் இருந்து, அந்தக் கொப்பியை ஒருதரம் பார்க்கலாமா என்று கேளுங்கள். றப்பர் பாண்டைக் கழற்றி, இரண்டு பையையும் பிரித்து, அவர்கள் காட்டுவார்கள்.